இன்னொரு சாக்கு

அச்சங்குளத்தை விட்டுச் சிவகாசிக்குக் குடிவந்த புதிதில், குப்பையை எங்கே கொட்டுவது என்பதே பஞ்சம்மாளுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஊரில் இதையெல்லாம் யோசிக்க வேண்டியதே இல்லை. அடுப்புச் சாம்பல் பாத்திரம் விளக்க, கழுநீர் மாட்டுக்கு, மிச்சமெல்லாம் உரக்குழிக்கு. இங்கே வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. ஒரு அறை, வாசலோடு ஓடுகிற சாக்கடை, அதைத் தாண்டினால் தெரு. வெங்காயச் சருகை முறத்தில் ஏந்திக்கொண்டு வாசலில் திகைத்து நின்றவளைப் பார்த்து அடுத்த வீட்டு வள்ளித்தாய் சிரித்துவிட்டாள்.

"என்ன மதினி, கோயிலுக்குப் பூத்தட்டு எடுத்துட்டுப் போறாப்புல நிக்கீக? அதை அந்தா, அந்த மூலையில தட்டுங்க. காலைல முனிசிபாலிட்டி வண்டி வரும். ஆனா பேப்பரு, அட்டை, இரும்பு, பிளாஸ்டிக்கு, இதுல ஒண்ணைக்கூட வெளிய போட்றாதீக. இந்த ஊர்ல கிழிஞ்ச காயிதத்துக்குக்கூட ஆளு இருக்கு."

அப்படித்தான் இருந்தது. காலண்டர் அடிக்கிற பிரஸ்களில் ஓரம் வெட்டி விழும் நாடா நாடாவான கழிவு மூட்டை மூட்டையாகப் பேப்பர் மில்லுக்குப் போகும். அட்டை தனியே போகும். பழைய நோட்டும் செய்தித்தாளும் வெடிக்குக் குழாய் சுருட்டப் போகும். எங்கோ ஒரு பிள்ளை எழுதிய கணக்குப் பரீட்சை, அடுத்த தீபாவளிக்கு இன்னொரு ஊர்த் தெருவில் வெடித்துச் சிதறும்.

அந்தத் தொழிலில்தான் அவள் புருசன் சங்கிலிமுத்து வந்து சேர்ந்திருந்தான். மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு பிரஸ், கடை, வீடு என்று பழைய பேப்பர் எடுப்பான். முத்துராமலிங்கம் என்பவருடைய பழைய பேப்பர் குடோனில் கொண்டுபோய் இறக்குவான். அதற்கு முன்னால் அவனும் பஞ்சம்மாளும் ஊரில் வெடி ஆபீசுக்கு, அதாவது பட்டாசுத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனவர்கள்தான். வைப்பாற்றில் தண்ணீர் வராத வருசங்களில் கரிசல் காட்டை நம்பி யார் உட்கார்ந்திருக்க முடியும்? சங்கிலிமுத்து வெடிக்கு மருந்து அடைக்கிற அறையில் இருந்தான், அவன் தம்பி முத்துப்பாண்டி பக்கத்து அறையில். ஒரு சித்திரை மாதத்து வெயிலில் அந்தப் பக்கத்து அறை இல்லாமல் போனது. தம்பியை அடையாளம் காட்டச் சங்கிலிமுத்துவைத்தான் கூட்டிப் போனார்கள். அவன் என்னத்தைப் பார்த்து அடையாளம் சொன்னான் என்பதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சட்டிபானையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டான்.

"இனி நம்ம வீட்டு ஆளு ஒருத்தரும் மருந்தைத் தொடக் கூடாது. பிச்சை எடுத்தாலும் சரி. பேப்பரு கடிக்காது பஞ்சு."

அதன்பிறகு அவன் முகத்தில் மெல்லத் தெளிச்சி வந்தது. காலையில் கம்மங்கூழைக் குடித்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டி, மணியடித்துக்கொண்டு கிளம்புவான். பஞ்சம்மாளும் காலை நேரத்தில் குடோனுக்குப் போய் மற்ற பெண்களோடு வெள்ளைத்தாள் வேறு, கலர்த்தாள் வேறு என்று பிரித்துப் போடுவாள். தூசி இருந்தது, இருமல் இருந்தது. ஆனால் பயம் இல்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடிப்பாள், குழம்பு வைப்பாள்.

நூலகம் அவர்களுக்குப் பழக்கமானதும் பழைய பேப்பரால்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது அந்தக் கிளை நூலகம். முத்துராமலிங்கம் அங்கே பழைய செய்தித்தாள்களை ஏலம் எடுத்திருந்தார். கட்டுகளைத் தூக்கப் போன சங்கிலிமுத்துவை நூலகர் ஞானசுந்தரி நிறுத்தி, "ஊருக்குப் புதுசா அண்ணே? வீட்ல பிள்ளைக உண்டா?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாளே அவன் பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் நின்றான்.

பஞ்சம்மாள் ஐந்தாவதோடு நின்றவள். செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தாள். ஞானசுந்தரி நாற்பது தாண்டியவள். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. பேசும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வாள்.

"உள்ள வாங்கக்கா. இங்க யார் வேணும்னாலும் வந்து உக்காரலாம். காத்தாடி இருக்கு, குடிக்கத் தண்ணி இருக்கு. ரேசன் கார்டை இந்த ஊருக்கு மாத்தணும்னா எப்பிடி எழுதணும்னு கேளுங்க, சொல்லித் தாரேன். வேலைக்கு ஆள் எடுக்காகன்னு பேப்பர்ல வந்தா படிச்சுச் சொல்லுதேன். புதுசா வாரவுகளுக்கு முதல்ல ஒரு இடம் வேணும்லா, உக்காரதுக்கு."

புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போக உறுப்பினராக வேண்டும், அதற்கு உள்ளூர் ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களை யாருக்குத் தெரியும்? நாள் தவறாமல் பேப்பர் படிக்க வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் சாலமன்ராஜ் விளையாட்டுப் பக்கத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "கொண்டாங்கம்மா, நான் போடுதேன்" என்றார். ஏழாவது படிக்கிற மகள் எழில் படம் போட்ட ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்கு நடந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு என்று ஏற்பாடானது. பஞ்சம்மாளுக்கு அது பெரிய நிம்மதி. பிள்ளை தெருவில் நிற்கவில்லை, ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறாள்.

ஞானசுந்தரி இன்னொரு உதவியும் செய்தாள். வண்டியில் இடம் போதாத நாட்களில் சங்கிலிமுத்து ஒன்றிரண்டு சாக்கை நூலகத்தின் பின்வராந்தாவில் போட்டு வைத்து அடுத்த நடைக்கு எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். "பேப்பர்தானே அண்ணே, எங்கிட்ட இல்லாத பேப்பரா" என்றாள்.

அந்த வருசம் புரட்டாசி பாதியிலேயே தூறல் ஆரம்பித்துவிட்டது. தீபாவளி நெருங்க நெருங்க ஊருக்கே ஒரு வேகம் வந்திருந்தது. லாரிகள் ராத்திரியும் பகலும் லோடு ஏற்றின. வள்ளித்தாய் வீட்டு முன்கதவு பகலெல்லாம் சாத்தியே கிடந்தது. "சீசன் மதினி. பின்னாடி கொட்டகையில கிப்ட் பெட்டி ஒட்டுறோம். காத்தடிச்சா அட்டை பறக்குது" என்றாள். லைனில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் வேலைக்குப் போனார்கள். அவள் யாரையும் கடிந்து பேசமாட்டாள். பஞ்சம்மாளுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவள், முதல் நாள் அடுப்புப் பற்றவைக்க விறகு கொடுத்தவள், காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துத் தந்தவள். அவளில்லாமல் இந்த ஊரில் காலூன்றியிருக்க முடியாது என்று பஞ்சம்மாள் அடிக்கடி சொல்வாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கிலிமுத்து வண்டியைக் கிளப்பும்போது வள்ளித்தாய் இரண்டு சாக்கைப் பின்பக்கமிருந்து இழுத்து வந்தாள். வாய் தைத்திருந்தது.

"தம்பி, வீட்டை ஒதுங்க வச்சேன். பேப்பருதான். கொண்டுபோய்ப் போட்டுருங்க. காசெல்லாம் வேண்டாம்."

அவன் இரண்டையும் வண்டியில் போட்டுக்கொண்டான். நூலகத்தில் அன்று செய்தித்தாள் கட்டு நிறைய இருந்ததால் ஒரு சாக்கைப் பின்வராந்தாவில் இறக்கிவிட்டு மற்றதோடு குடோனுக்குப் போனான்.

அன்று சாயங்காலம் பஞ்சம்மாள் தெருக்குழாயில் நின்றாள். நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். அவள் குடம் நிறைந்து, தூக்கப் போகிற நேரம். பள்ளிக்கூடம் விட்டு நேரமாகியிருந்தது.

சத்தம் காலில்தான் முதலில் தெரிந்தது. தரை ஒருமுறை துள்ளி அடங்கியது. குடத்துத் தண்ணீர் வளையம் வளையமாகச் சுருங்கி விரிந்தது. பிறகுதான் காதில் விழுந்தது.

குழாயடியில் யாரும் அலறவில்லை. இந்த ஊர்ப் பெண்களுக்கு அது தெரியும். சத்தம் கேட்டால் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும், புகை எந்தப் பக்கம் எழுகிறதோ அந்தப் பக்கத்து ஆபீசில் யார் வீட்டு ஆள் வேலை பார்க்கிறது என்று யோசிக்க வேண்டும். எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. வழக்கமாகப் புகை ஊருக்கு வெளியே, ஆனைக்குட்டம் பக்கமோ வெம்பக்கோட்டை ரோட்டிலோ எழும். இது ஊருக்குள்ளே, வீட்டுக் கூரைகளுக்கு மேலே, வெள்ளையாக எழுந்தது. நடுவே தாள்கள் பறந்தன. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். ஓரம் கருகி, சுழன்று சுழன்று மேலே போய்க்கொண்டிருந்தன.

"அது பேப்பர்க் கடைல்லா" என்றாள் ஒருத்தி.

பஞ்சம்மாளுக்கு அது விளங்கவில்லை. பேப்பர்க் கடை எப்படி வெடிக்கும்? தீப்பிடிக்கும், புகையும். வெடிக்காதே. அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாக வீட்டைப் பார்த்து நடந்தாள். தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. லைன் முனையில் வள்ளித்தாய் ஓடிவந்து குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"மதினி! தம்பி எங்க? குடோன்லயா?"

"அங்கனதான் இருப்பாக. பேப்பருதான மதினி."

வள்ளித்தாய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். தெருவில் போன ஆட்டோவை மறித்து அவளை உள்ளே தள்ளினாள். "நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. அங்கனதான் கொண்டு வருவாக. எழில நான் பாத்துக்கிடுதேன், நீங்க எதையும் நினைக்காதீக."

எழில் நூலகத்தில் இருப்பாள், விளக்கு வைக்கிற வரை ஞானசுந்தரி பார்த்துக்கொள்வாள். ஆட்டோவில் போகும்போது பஞ்சம்மாள் பிடித்துக்கொண்ட ஒரே கொம்பு அதுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் முத்துராமலிங்கம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வருகிறவர். இப்போது சட்டை முழுக்கச் சாம்பல் நிறம். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"செல்வக்குமாரு போயிட்டாம்மா" என்றார். "பேப்பரை அமுக்கிக் கட்டுப்போடுற மிசின்ல நின்னவன். சாக்கைக் கவுத்து, இரும்புத் தட்டை இறக்குனான், அம்புட்டுதான். பேப்பரு வெடிக்குமாம்மா? நீயே சொல்லு. முப்பது வருசமா இந்தத் தொழில் பாக்குதேன். பேப்பரு வெடிக்குமா?"

செல்வக்குமார் அன்று காலையில்தான் தன் தூக்குவாளியிலிருந்து அவளுக்கு ஒரு கருவாட்டுத் துண்டு எடுத்துக் கொடுத்திருந்தான். பஞ்சம்மாள் "ம்" என்றாள். அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

சங்கிலிமுத்து உயிரோடு இருந்தான். மிசினிலிருந்து தள்ளி, வாசல் பக்கம் வண்டியிலிருந்து பேப்பர்க் கட்டுகளை இறக்கிக்கொண்டு நின்றதால் பிழைத்திருந்தான். இரண்டு கைகளுக்கும் முகத்துக்கும் மருந்திட்டுக் கண்ணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூக்கும் உதடும் தாடையும் மட்டும் வெளியே தெரிந்தன. அவள் தொடத் துணிந்தது அவன் பாதத்தைத்தான். பாதம் எப்போதும்போல வெடிப்போடு, அழுக்கோடு இருந்தது. அதைப் பிடித்ததும்தான் அது அவன் என்று நம்பினாள்.

"பஞ்சு."

"இந்தா இருக்கேன்."

"அது பேப்பரு இல்ல. வெள்ளை வெளிச்சம். ஊர்ல... தம்பிக்கு வந்துச்சுல்லா, அதே வெளிச்சம்." மூச்சு வாங்கினான். "வள்ளித்தாய் மதினி சாக்கு. செல்வக்குமாரு கவுக்கும்போது கறுப்பா துண்டு துண்டா விழுந்துச்சு. திரி. வெட்டுன திரி. நிறுத்துலேன்னு கத்துனேன். அதுக்குள்ள மிசினை இறக்கிட்டான்."

 கிப்ட் பெட்டியா? மருந்து தோய்த்த கருந்திரியா? சாத்திய கதவுக்குப் பின்னால், நாலு சுவர் தள்ளி, அவர்கள் படுத்துத் தூங்குகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்.

"பஞ்சு, கேளு. இன்னொரு சாக்கு இருக்கு."

"எங்கன?"

"லைப்ரரில. பின்வராந்தாவுல."

நேற்று ராத்திரி பெய்த தூறலில் அந்த வராந்தா ஓடு ஒழுகி இன்னும் சொட்டுவதை அவன்தான் காலையில் குடோனில் சொல்லியிருந்தான். வெடி ஆபீசில் வேலை பார்த்த இருவருக்கும் அதற்குமேல் பேச்சு தேவையில்லை. வெள்ளை வெளிச்சம் என்றால் அலுமினியப் பொடி கலந்த வெள்ளை மருந்து, அதில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். மழைக்காலத்தில் ஆபீசில் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

"எழிலு அங்கனதான இருப்பா?" என்றான் சங்கிலிமுத்து.

அவள் அதற்குள் வாசலுக்கு ஓடியிருந்தாள்.

ஆட்டோ பிடித்தாளா, நடந்தாளா, யார் வண்டியில் ஏறினாள் என்று பிறகு எத்தனை முறை யோசித்தும் பஞ்சம்மாளுக்கு நினைவு வரவில்லை. நூலக வாசலில் நின்றபோது காலில் செருப்பில்லை. உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. காத்தாடி சுற்றியது. வெடிச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு எல்லோரும் பழையபடி தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரப் பெஞ்சில் பிள்ளைகள். சாலமன்ராஜ் தன் நாற்காலியில்.

ஞானசுந்தரி எழுந்து வந்தாள். "என்னக்கா? அண்ணன் நல்லாருக்காகளா? இப்பத்தான் கேள்விப்பட்டு..."

"பின்னால கெடக்கிற சாக்கு. அதுலயும் மருந்து."

ஞானசுந்தரி இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பின்கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. பிறகு மேசையில் கையை ஊன்றி, பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"எல்லாரும் புத்தகத்தை அப்படியே வச்சிட்டு எந்திரிங்க. பையை எடுக்க வேண்டாம். முன்வாசல் வழியா வெளிய போயி, எதுத்தாப்புல பால் டிப்போகிட்ட நில்லுங்க. ஓட வேண்டாம், தள்ள வேண்டாம். சார், நீங்களும்."

"இந்த ஒரு பாரா" என்றார் சாலமன்ராஜ்.

"சார்!"

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையைக் கையில் பிடித்தபடியே எழுந்து நடந்தார். பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனார்கள். பஞ்சம்மாள் வாசற்படியில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசிப் பிள்ளையும் போனது.

"எழிலு எங்கக்கா?"

ஞானசுந்தரி அவளை வெளியே இழுத்துக்கொண்டே, "எழிலா? அவ வந்து ரொம்ப நாளாச்சே. உடம்பு சரியில்லையோன்னு நான் அண்ணன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

"தினமும் இங்கனதான வாரா."

"இல்லக்கா. புரட்டாசி பொறந்ததுல இருந்து வரவே இல்ல."

பால் டிப்போ வாசலில் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, எழில் வகுப்புப் பெண், மெதுவாகச் சொன்னாள். "அவ வள்ளித்தாய் அத்தை வீட்டுக்குப் போவா. பள்ளிக்கூடம் விட்டு நேரா அங்கதான்."

எழில நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லித்தானே வள்ளித்தாய் ஆட்டோவில் ஏற்றினாள்.

ஞானசுந்தரி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணப் பால் டிப்போவுக்குள் ஓடினாள். பஞ்சம்மாள் அடுத்த தெருவில் திரும்பும்போது பின்னால் ஏதோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வெடி அல்ல. அடக்கி வைத்த காற்று ஒரேயடியாக வெளியேறுகிற சத்தம். தெருச்சுவர் ஒரு கணம் வெள்ளையாகி, அவள் நிழல் அதில் விழுந்து மறைந்தது. பிள்ளைகள் வீரிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

லைன் வீட்டுக்குப் பின்புறம் ஒரு காலி மனை. கருவேலம் மண்டிக் கிடக்கும். அதைப் பார்த்தபடி வள்ளித்தாயின் தகரக் கொட்டகை. கதவுக்குப் பதில் சாக்குப் படுதா தொங்கியது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ, "அது எங்கயோ வெடி போட்டுப் பாக்காகடி, நீ வேலையப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

படுதாவைப் பிடித்த கையோடு பஞ்சம்மாள் நின்றுவிட்டாள். நெஞ்சுக்குள் இருந்த கூப்பாடு தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே இருப்பவர்கள் பதறி எழுவார்கள், எதையாவது மிதிப்பார்கள், திரி வெட்டுகிற கத்தி எதிலாவது உரசும். காலடியில் கிடப்பது அத்தனையும் திரி. அவள் கூப்பாட்டை விழுங்கினாள்.  படுதாவை மெல்ல விலக்கினாள்.

நாலைந்து பெண்கள். அவர்களுக்கு நடுவே பள்ளிச் சீருடையோடு சிறுமிகள். நீளமான கருந்திரிகளைக் கற்றையாகப் பிடித்துச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். எழில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கற்றை. முகத்தில் அம்மா அதுவரை அந்த ஊரில் பார்த்திராத ஒரு சந்தோசம்.

"எழிலு" என்றாள் பஞ்சம்மாள். கடைக்குப் போகக் கூப்பிடுகிற குரல்தான். "அப்பா கூப்பிடுதாக. மடியில இருக்கிறத மெதுவா கீழ வையி. மெதுவா. ஆங். எந்திரி. பாத்துக் கால வையி."

எழில் எழுந்தாள். "அம்மா, நான் வந்து..."

"வீட்ல போயிப் பேசிக்கிடலாம். மத்த பிள்ளைகளும் வாங்க. ஒவ்வொருத்தரா. நீங்களும்தான் அக்கா, கத்தியைக் கீழ வச்சிட்டு வாங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

அவள் முகத்தில் என்ன இருந்ததோ, ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. காலி மனையின் நடுவில், கருவேலத்துக்கு அந்தப் பக்கம், எல்லோரும் வந்து நின்றபிறகுதான் பஞ்சம்மாள் எழில் பக்கம் திரும்பினாள். மண்ணில் உட்கார்ந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்தாள். விரல் ரேகையெல்லாம் கறுப்பு. ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு அந்தக் கன்னத்தையே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்ட்டீ? எதுக்குட்டீ இங்கன வந்த? லைப்ரரிக்குத்தான உன்னை விட்டேன்?"

எழில் விக்கினாள். "லைப்ரரில பேசக் கூடாதும்மா. பள்ளிக்கூடத்துலயும் நான் புதுசுன்னு யாரும் எங்கூடப் பேச மாட்டாக. இங்கன எல்லாரும் பேசுவாக. அத்தை என்னையப் பாட்டெல்லாம் பாடச் சொல்லுவாக."

பஞ்சம்மாள் முந்தானையால் அந்த விரல்களைத் துடைத்தாள், கறுப்பு போகவில்லை.

வள்ளித்தாய் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். "மதினி, என்ன காரியம் பண்ணுதீக? எல்லாத்தையும் வெளிய நிப்பாட்டிருக்கீக. யாராவது பாத்தா போலீசு வந்துரும். ரெண்டு வாரம் மதினி, சீசன் முடிஞ்சிரும்."

"செல்வக்குமாரு செத்துட்டான் மதினி" என்றாள் பஞ்சம்மாள். "எழிலு அப்பா கண்ணு ரெண்டையும் கட்டிப் போட்டிருக்காக. உங்க சாக்கு."

வள்ளித்தாய் முதலில் சிரித்தாள். ஏதோ புரியாத பாஷையைக் கேட்டவள்போல் ஒரு சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது.

"பேப்பர்தான போட்டேன். திரி சுத்துன பேப்பரு. கொட்டகைய கூட்டி அள்ளுனது கொஞ்சம் சேந்திருக்கும். வெள்ளைப் பொடி கொஞ்சம் கொட்டிருந்துச்சு, அதையும் வாரி... மதினி, நான் அதை எங்க கொண்டு போயிப் போடுவேன்? தெருவுல போட்டா முனிசிபாலிட்டிக்காரன் பாத்துருவான். கிணத்துல போட்டா தண்ணி நாசம். தம்பி பேப்பரு எடுக்காரு, அதோட அதா போயிரும்னுதான்..."

சொல்லிக்கொண்டே அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். பஞ்சம்மாள் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விறகு கொடுத்த கை அது. காய்ச்சலில் ரசம் கொடுத்த கை.

"எத்தனை சாக்கு மதினி? வேற யாருக்கும் கொடுத்தீகளா?"

"ரெண்டுதான். சத்தியமா ரெண்டுதான்."

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். நூலகத்தின் பின்வராந்தாவும் ஓட்டுக்கூரையும் பழைய பத்திரிகை அடுக்கும் எரிந்து போயின. புத்தக அறை வரை தீ வருவதற்குள் அணைத்துவிட்டார்கள். ஒரு உயிருக்கும் சேதமில்லை. போலீஸ் கேட்டபோது பஞ்சம்மாள் வள்ளித்தாய் பெயரை மறைக்கவில்லை. செல்வக்குமாரின் பெண்டாட்டி நிறைமாதம். அவளை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. வள்ளித்தாய் ஜாமீனில் வந்தும் அந்த லைனுக்குத் திரும்பவில்லை. அவளுக்குத் திரி கொடுத்து வேலை வாங்கியவன் யாரென்று அவள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. வேலை போன பெண்கள் பஞ்சம்மாளோடு பேச்சை நிறுத்தினார்கள். குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். கார்த்திகையில் பஞ்சம்மாள் குடும்பம் வேறு தெருவுக்குக் குடிமாறியது. ஞானசுந்தரிதான் வீடு பார்த்துக் கொடுத்தாள். சங்கிலிமுத்துவுக்கு ஒரு கண் பிழைத்தது. அடுத்த வருசம் வண்டியைப் பஞ்சம்மாள் மிதித்தாள். எந்த வீட்டுச் சாக்கானாலும் தெருவில் விரித்துக் கொட்டச் சொல்லி, கையால் கிளறிப் பார்த்துத்தான் ஏற்றினாள். கோபப்பட்டவர்கள் கோபப்பட்டுக்கொண்டே கொட்டினார்கள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இதில் ஒன்றும் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் பஞ்சம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசல் குழாயில் எழிலின் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மணலை வைத்துத் தேய்த்தாள். தோல் சிவந்து பிள்ளை முகத்தைச் சுளித்தபிறகுதான் விட்டாள். அப்பாவிடம் எதையும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தாள். இன்றைக்கு வேண்டாம். கண் திறக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

"பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலைல்லா?" என்றான் சங்கிலிமுத்து, காலடிச் சத்தம் கேட்டதும்.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாரையும் முன்னாடியே வெளிய கொண்டாந்துட்டோம்."

"எழிலு?"

"இந்தா நிக்கா."

"நீ பயந்துட்டியாத்தா?" என்றான். "லைப்ரரிக்கு அனுப்பி வச்சது தப்போன்னு நெனச்சேன். ஆனா அந்த அம்மா இருந்ததாலதான் பிள்ளைக பிழைச்சுது. கிட்ட வா. உன் கையை வச்சுப் பாக்கணும்போல இருக்கு."

அவன் கைகளில் கட்டு. எழில் அம்மாவைப் பார்த்தாள். பஞ்சம்மாள் தலையசைத்தாள். பிள்ளை குனிந்து, கட்டுப் போடாத அவன் தாடைமேல் உள்ளங்கையை மெதுவாக வைத்தாள்.

சங்கிலிமுத்துவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அவன் மூச்சை இழுத்தான். சிரிப்பு நின்றது. முகத்தை அந்தக் கைப்பக்கம் திருப்பி, இன்னொரு முறை நன்றாக இழுத்தான். வெடி ஆபீஸ் மருந்தறையில் பத்து வருசம் உட்கார்ந்தவன் மூக்கு அது.

பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகினார்கள். நர்ஸ் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனாள்.  கட்டுக்குள் அவன் கண்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தனவோ.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டான். பஞ்சம்மாளிடம் அல்ல, அந்தக் கையிடம்.